ஓத டர்பைன் இறக்கை எத்தனை காலம் தாங்கும்? சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2009 நவம்பரில் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில், மைனாஸ் பாசேஜ் என்ற குறுகலான நீர்வழியின் தரையில், கடலின் ஏற்ற வற்ற நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் தரும் 1 மெகாவாட் ஓத டர்பைன் ஒன்றை இறக்கினார்கள். அயர்லாந்தின் ஓப்பன்ஹைட்ரோ நிறுவனம் செய்தது. உலகத்திலேயே ஓதம் மிக உயரமாக ஏறி இறங்கும் இடங்களில் ஒன்று அந்த வளைகுடா. அடுத்த ஆண்டு கடைசியில் டர்பைனை மேலே தூக்கியபோது அதன் 12 இறக்கைகளும் போயிருந்தன. வடிவமைத்தவர்கள் கணக்கில் வைத்ததைப்போல் இரண்டரை மடங்கு நீரோட்டம் அங்கே இருந்ததாகப் பின்னர் தெரிந்தது. நீர் தரும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரண்டரை மடங்கானால் விசை ஆறேகால் மடங்காகும்.

நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் வெர்டண்ட் பவர் நிறுவனம் 2006 இறுதியில் இறக்கிய முதல் டர்பைன்களின் இறக்கைகளும் நீரோட்டத்தில் உடைந்தன. வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் லாக்கில் 2008-இல் நிறுவிய சீஜென் டர்பைனிலும் தொடக்க ஓட்டத்திலேயே ஓர் இறக்கை சேதமானது. அங்கே காரணம் கட்டுப்பாட்டு அமைப்பின் கோளாறு. இந்தத் துறையின் முதல் பத்தாண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், ஜெனரேட்டரும் கேபிளும் தந்த தொல்லைக்குக் குறையாத தொல்லை இறக்கையிலிருந்து வந்திருக்கிறது.

இந்த வழிகாட்டி கண்ணாடி இழை, கார்பன் இழைக் கூட்டுப்பொருளில் செய்த ஓத டர்பைன் இறக்கையை எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியது. பொருள் அறிவியல், இயந்திரவியல் படிப்பவர்களையும், காற்றாலை இறக்கை செய்யும் பட்டறையிலிருந்து கடல் பக்கம் திரும்ப நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். காற்றாலை அனுபவம் பெரிய உதவி. ஆனால் அதை அப்படியே கடலுக்குள் கொண்டுபோனால் மூன்று இடங்களில் காலை வாரும்: சுமை, தண்ணீர், சோதனை ஓட்டும் முறை. வழிநெடுக இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டே போகிறேன்.

முதல் படி: கடல் என்ன செய்யும் என்று எழுதி வையுங்கள்

சோதனைக்கூடத்துக்குள் நுழையும் முன்பே பாதிச் சோதனை முடிந்துவிடுகிறது. எந்தச் சுமையைக் கொடுக்கப்போகிறோம் என்பது தவறாக இருந்தால், பிறகு எவ்வளவு நுணுக்கமாக அளந்தும் பயனில்லை. ஃபண்டி கற்றுத் தந்தது அதைத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஸ்காட்லாந்தின் வடக்கு முனையில் பென்ட்லண்ட் ஃபர்த்தில் ஓடும் மேஜென் திட்டத்தின் டர்பைன்கள் தலா 1.5 மெகாவாட், சுழலியின் விட்டம் 18 மீட்டர். அந்த அளவை எடுத்துக்கொள்வோம். சுழலி வீசும் பரப்பு சுமார் 254 சதுர மீட்டர். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ. நீரோட்டம் நொடிக்கு 3 மீட்டர், உந்துவிசைக் குணகம் 0.8 என்று வைத்தால் மொத்த உந்துவிசை ஏறக்குறைய 940 கிலோநியூட்டன். மூன்று இறக்கை பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு 313 கிலோநியூட்டன், அதாவது 32 டன் எடை. வளர்ந்த யானை 5 டன் என்றால், ஆறு யானைகள் ஓர் இறக்கையின் மேல், அதன் அடியிலிருந்து சுமார் 5 மீட்டர் தள்ளி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இறக்கையின் மொத்த நீளமே 8 மீட்டர்தான்.

அதே 1.5 மெகாவாட்டைக் காற்றில் எடுக்க 35, 40 மீட்டர் இறக்கை வேண்டும். கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி என்பதால் குட்டையான இறக்கையே போதும். ஆனால் அந்தக் குட்டை உடம்பில், முக்கியமாக அடியில், சுமை குவிகிறது. ஓத இறக்கையின் அடிப்பகுதி கட்டை மாதிரி தடித்திருப்பது இதனால்தான்.

இது சராசரிச் சுமை மட்டும். இறக்கையைச் சாகடிப்பது பெரும்பாலும் ஏறி இறங்கும் சுமை. கடல் தரைக்கு அருகே நீர் மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் சுமை ஒரு முறை ஏறி இறங்கும். தூணைக் கடக்கும்போது ஒரு வெட்டு விழும். மேலே அலை அடித்தால் அதுவும் கீழே எட்டும். இவை எல்லாவற்றுக்கும் மேல் நீரோட்டத்தின் கொந்தளிப்பு. நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் ஆண்டுக்கு 63 லட்சம் சுற்று, 20 ஆண்டுக்கு 12.6 கோடி. நீர் நின்று திரும்பும் நேரத்தையும் பழுது நாட்களையும் கழித்தாலும் பல கோடிச் சுழற்சிகள் மிஞ்சும்.

எனவே கையில் இருக்க வேண்டியவை: டர்பைன் நிற்கப்போகும் அதே இடத்தில், கடல் தரையில் வைத்த டாப்ளர் நீரோட்டமானியால் (ஒலி அனுப்பி, அதன் எதிரொலியால் நீரின் வேகத்தை அளக்கும் கருவி) எடுத்த அளவுகள், பௌர்ணமி, அமாவாசை ஓதமும் இடைப்பட்ட மெலிந்த ஓதமும் சேர்ந்து பதிவாகும் அளவுக்குக் குறைந்தது ஒரு முழு நிலாச் சுற்று, முடிந்தால் குளிர்காலப் புயல் நாட்கள். நம் கரையோர மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். கடலுக்குப் போகும் முன் நீவாடு பார்ப்பது அவர்களுக்கு இயல்பு. இறக்கை செய்பவருக்கும் அதே ஒழுங்கு வேண்டும். பக்கத்து நீர்வழியின் அளவை எடுத்துச் சரிக்கட்டுவது ஆபத்து. ஒரே நீர்வழியில் சில நூறு மீட்டர் தள்ளினாலே கொந்தளிப்பு வேறாகிவிடும்.

தரநிலைகளையும் இப்போதே மேசையில் வையுங்கள். முழு இறக்கைச் சோதனைக்குக் காற்றாலைத் துறையின் ஐஇசி 61400-23 தான் அடிப்படை. கடல் ஆற்றல் கருவிகளின் வடிவமைப்புக்கு ஐஇசி டிஎஸ் 62600-2, சுமை அளப்பதற்கு ஐஇசி டிஎஸ் 62600-3, ஓத டர்பைன் சான்றிதழுக்கு டிஎன்வி-எஸ்டி-0164. இவற்றைக் கடைசியில் திறந்து பார்த்தால், எடுக்காமல் விட்ட அளவு ஒன்றுக்காக மொத்தச் சோதனையையும் திரும்பச் செய்ய நேரும்.

இரண்டாம் படி: எங்கே உடையும் என்று முன்கூட்டியே குறியுங்கள்

இறக்கையின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். சிவப்புப் பேனாவால் சந்தேக இடங்களை வட்டமிடுங்கள். என் வரிசை இது: எஃகு மையத்தோடு இறக்கையை இணைக்கும் அடிப்பகுதிப் போல்ட்டுகள், மேலோட்டின் இரு பாதிகளை ஒட்டும் பின்விளிம்புப் பசை, உள்ளே உத்திரமும் மேலோடும் சேரும் பசைக்கோடு, தடிமன் குறையும்போது இழை அடுக்குகள் முடிந்துபோகும் படிக்கட்டுகள், கார்பனும் கண்ணாடியும் சந்திக்கும் இடம். உள்ளே நுரைப்பொருள் வைத்திருந்தால் அதையும் வட்டமிடுங்கள். 40 மீட்டர் ஆழத்தில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நான்கு மடங்கு கூடுதல் அழுத்தம் அதை நசுக்கிக்கொண்டிருக்கும்.

கார்பன் இழை மின்சாரம் கடத்தும். கடல்நீரில் அது எஃகைத் தொட்டால் எஃகு அரிக்கப்படும். இடையே கண்ணாடி இழை அடுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த அடுக்கு முழுமையாக இருக்கிறதா என்று மின்தடை அளந்து பார்ப்பதும் ஒரு சோதனைதான். ஐந்து நிமிட வேலை.

மூன்றாம் படி: சின்னத் துண்டுகள், உலர்ந்த நிலையில்

இறக்கை செய்யும் அதே பட்டறையில், அதே ரெசின் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின்), அதே இழை, அதே சூட்டில் இறுக வைத்த பலகையிலிருந்து துண்டுகளை வெட்ட வேண்டும். பொருள் விற்பவர் தரும் அட்டவணையை நம்பி வடிவமைப்பைத் தொடங்கலாம், முடிக்கக் கூடாது. இழுவிசைக்கு ஐஎஸ்ஓ 527, வளைவுக்கு ஐஎஸ்ஓ 14125, அடுக்குகளுக்கு இடையேயான வெட்டுவிசைக்கு ஐஎஸ்ஓ 14130, களைப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையில் பொருள் தளர்வதற்கு, ஐஎஸ்ஓ 13003. இழையின் பங்கு எவ்வளவு என்று அறிய கண்ணாடி இழைத் துண்டை உலையில் எரித்து மிச்சத்தை எடைபோடும் முறை இருக்கிறது. ரெசின் முழுதாக இறுகியதா என்பதை அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது கெட்டியான ரெசின் இளகத் தொடங்கும் வெப்பநிலை, சொல்லிவிடும். இந்தக் கடைசி அளவை விட்டுவிடாதீர்கள். நீரில் ஊறிய பிறகு இது எத்தனை டிகிரி இறங்குகிறது என்பதே ரெசினின் ஆரோக்கியத்தைச் சொல்லும்.

வெட்டுவது வைர விளிம்பு ரம்பத்தால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே. வெட்டிய ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நார் நாராக மாட்டினால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். களைப்புச் சோதனையில் விரிசல் அந்த நாரிலிருந்து தொடங்கினால் நீங்கள் அளப்பது ரம்பத்தின் தரத்தை.

நான்காம் படி: ஊற வையுங்கள், பொறுமையாக

காற்றாலைக்காரர்கள் அதிகம் பார்த்திராத இடம் இது. ரெசின் தண்ணீரைக் குடிக்கும். மெதுவாக, ஆனால் நிற்காமல். முதலில் ரெசின் இளகும். பிறகு இழைக்கும் ரெசினுக்கும் இடையே உள்ள பிடிப்பு தளரும். கண்ணாடி இழையின் மேற்பரப்பையே நீர் தாக்கும். அரிப்பைத் தாங்கும் இ-சிஆர் வகைக் கண்ணாடி கடலுக்கு நல்லது என்பது இதனால்தான்.

துண்டுகளை முதலில் உலர்த்தி, எடை மாறாமல் நிற்கும்வரை காத்திருங்கள். அதுவே தொடக்க எடை. பிறகு கடல்நீர்த் தொட்டியில் இடுங்கள். குழாய்நீர் வேண்டாம். உப்புக் குறைந்த நீரைப் பொருள் வேறு வேகத்தில் உறிஞ்சும். வேலையைத் துரிதப்படுத்த நீரை 50, 60 டிகிரி செல்சியஸில் வைப்பது வழக்கம். அதற்கு மேல் போகாதீர்கள். ரெசினின் நிலைமாற்ற வெப்பநிலையை நெருங்கினால், 10 டிகிரி ஸ்காட்லாந்துக் கடலில் ஒருநாளும் நடக்காத சிதைவுகள் தொட்டியில் நடக்கும். நல்ல இறக்கையை வீணாகத் தள்ளிவிடுவீர்கள்.

எடை எடுக்கும் முறை சின்ன விஷயம்போலத் தெரியும். துண்டை எடுத்து, அறை வெப்பநிலை நீரில் சில நிமிடம் ஆற விட்டு, நார் உதிராத துணியால் ஒத்தி எடுத்து, அடுத்த ஒரு நிமிடத்துக்குள் தராசில் வையுங்கள். ஒத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். 2 மில்லிமீட்டர் துண்டு குடிக்கும் நீரே மொத்த எடையில் ஒரு சதவீதம் அளவுதான். விரல்நுனியில் ஒட்டிய ஈரம் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒருமுறை நான் ஊறிய துண்டுகளை வெள்ளிக்கிழமை மாலை தொட்டியிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போனேன், திங்களன்று சோதிக்கலாம் என்று. முடிவுகள் மிக நன்றாக வந்தன. உலர்ந்த துண்டுகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே இல்லை. அந்த நன்மைதான் உறுத்தியது. உடைந்த துண்டுகளை எடைபோட்டேன். குடித்த நீரில் கணிசமான பங்கு ஆவியாகியிருந்தது. நான்கு மாத ஊறல் ஒரு வார இறுதியில் போனது. அதற்குப் பிறகு சோதனைக்கு முந்தைய நொடிவரை துண்டைக் கடல்நீரில் நனைத்த துணியில் சுற்றி, பையில் மூடித்தான் வைக்கிறேன். சோதிக்கும் முன் எடை, சோதித்த பின் எடை இரண்டையும் எழுதுகிறேன்.

இங்கே ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. நீர் முழுதாக ஊறி நிறைவதற்கு எடுக்கும் காலம் தடிமனின் இருமடிப்படி ஏறும். 2 மில்லிமீட்டர் துண்டுக்கு 60 நாள் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 40 மில்லிமீட்டர் தடித்த இறக்கை அடி அதைப்போல் 20 மடங்கு தடிமன். காலம் 400 மடங்கு: 24,000 நாள், 65 ஆண்டுக்கு மேல். அதுவும் அதே சூடான நீரில். குளிர்ந்த கடலில் இன்னும் நீளும். ஆக, டர்பைனின் ஆயுள் முழுவதும் ஓடி முடிந்தாலும் தடித்த அடியின் நடுப்பகுதி ஏறக்குறைய உலர்ந்தே இருக்கும். மேல் சில மில்லிமீட்டரும், பசைக்கோட்டு ஓரங்களும், போல்ட் துளைச் சுவர்களும், மெல்லிய பின்விளிம்பும்தான் நனைந்து கிடக்கும். இரண்டாம் படியில் சிவப்பு வட்டம் போட்ட இடங்களில் பாதி இவைதான். முழுதாய் ஊறிய துண்டின் வலிமையை இறக்கை முழுவதற்கும் வைப்பவர் தேவையில்லாமல் பொருளைக் கூட்டுகிறார். உலர்ந்த வலிமையை எல்லா இடத்துக்கும் வைப்பவர் ஆபத்தை விதைக்கிறார். இடத்துக்கு இடம் வேறு எண் வேண்டும்.

பிரான்சின் பிரெஸ்ட் நகருக்கு அருகே உள்ள இஃப்ரெமர் கடல் ஆய்வு நிறுவனம் இந்தக் கடல்நீர் ஊறல் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அவர்களுடைய கட்டுரைகளைத் தேடிப் படிப்பது நேரம் வீணாகாத வேலை.

ஐந்தாம் படி: ஈரத்தில் களைக்க வையுங்கள்

ஒரு கம்பியை ஒரே மூச்சில் இழுத்து உடைக்க முடியாவிட்டாலும், முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் உடைந்துவிடும். பொருளின் களைப்பு அதுதான். கூட்டுப்பொருளில் அது கம்பியைப்போல் ஒரே விரிசலாக வராது. முதலில் ரெசினில் மயிரிழைப் பிளவுகள், பிறகு அடுக்குகள் பிரிதல், கடைசியில் இழைகள் அறுதல். இடையில் வெகுகாலம் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. விறைப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவரும்.

பல சுமை நிலைகளில் துண்டுகளை ஓட்டி, எந்தச் சுமைக்கு எத்தனை சுழற்சியில் உடைகிறது என்ற எஸ்-என் கோட்டை வரைய வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று நான்கு துண்டு. கூட்டுப்பொருளில் சிதறல் அதிகம். ஒரே பலகையிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளின் ஆயுள் பத்து மடங்கு வேறுபடுவது அதிசயமில்லை. நொடிக்கு 5 சுழற்சி என்ற வேகத்தில் 1 கோடிச் சுழற்சிக்கு 23 நாள் பிடிக்கும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் துண்டு உள்ளுக்குள் சூடேறும். சூட்டால் உடைந்ததைக் களைப்பால் உடைந்ததாக எழுதிவிடுவோம். துண்டின் மேல் ஒரு வெப்ப உணரியை ஒட்டி, சூடு தொடக்க அளவிலிருந்து 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

23 நாள் காற்றில் ஓடினால் ஊறிய துண்டு உலர்ந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். துண்டைச் சுற்றி ஒரு சின்னக் கடல்நீர்க் கூட்டைப் பொருத்தி, நீர் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நீர் துண்டைக் குளிர்விக்கவும் செய்யும். பிளவுக்குள் நீர் புகுந்து, சுமை இறங்கும்போது அழுத்தப்பட்டு, பிளவை மேலும் பிளக்கும் விளைவு இந்த ஏற்பாட்டில்தான் வெளிப்படும். ஊற வைத்து உலர்வில் களைக்க வைப்பதும், ஊற வைத்து நீருக்குள்ளேயே களைக்க வைப்பதும் வேறு வேறு சோதனைகள். கடலில் நடப்பது இரண்டாவது.

சுமை விகிதத்திலும், அதாவது ஒரு சுழற்சியின் மிகக் குறைந்த சுமைக்கும் மிக அதிகச் சுமைக்கும் உள்ள விகிதத்திலும், கவனம். ஒரே திசையில் தள்ளும் சுமை பெரும்பாலும் இழுவை-இழுவையாகவோ அமுக்கம்-அமுக்கமாகவோ இருக்கும். ஏற்றத்திலும் வற்றத்திலும் இறக்கையைத் திருப்பாமல் இரு பக்கமும் ஓடும் டர்பைன் என்றால், ஒரு நாளைக்கு நான்கு முறை சுமை திசை மாறும். அந்த நிலைக்கு இழுவை-அமுக்கம் சோதனையும் கட்டாயம்.

ஆறாம் படி: இணைப்புகளைத் தனியே

முழு இறக்கையில் உடையக்கூடியது அடி போல்ட் என்றால், அதைக் கண்டுபிடிக்க முழு இறக்கையை உடைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு போல்ட்டும் அதைச் சுற்றிய கூட்டுப்பொருளும் கொண்ட ஒரு கட்டையைச் செய்து இழுத்துக் களைக்க வையுங்கள். பசைக்கோட்டுக்கு ஐ வடிவ உத்திரத் துண்டு போதும். செலவு குறைவு, பத்துப் பன்னிரண்டு உடைக்கலாம். முழு இறக்கையில் இந்தச் சுதந்திரம் கிடைக்காது. இந்தக் கட்டைகளில் சிலவற்றையாவது கடல்நீரில் வைத்துச் சோதியுங்கள். போல்ட் முன்னிறுக்கம் எவ்வளவு தளர்ந்தது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளந்து எழுதுங்கள். இறுக்கம் தளர்ந்த போல்ட்டின் மேல் வரும் ஏறி இறங்கும் சுமை பல மடங்கு பெரிது.

ஏழாம் படி: முழு இறக்கை, நிலையான சுமை

இறக்கையின் அடியைத் தடித்த எஃகுச் சுவரில் போல்ட் போட்டு, கிடையாக நீட்டிப் பொருத்துவார்கள். சேணம் மாதிரி மரத்தில் செதுக்கி ரப்பர் உள்வரி வைத்த பிடிகள் இறக்கையைச் சுற்றி இரண்டு மூன்று இடங்களில் மாட்டப்படும். அவற்றை ஹைட்ராலிக் சிலிண்டர்கள் தள்ளும் அல்லது இழுக்கும். பிடி மாட்டிய இடத்துக்கு அருகே வரும் முடிவுகளை நம்ப முடியாது. எனவே சந்தேக இடங்களின் மேல் பிடி வராதபடி திட்டமிடுங்கள்.

1. எடை, எடைமையம், இயற்கை அதிர்வெண் மூன்றையும் அளந்து வையுங்கள். சுத்தியலால் மெதுவாகத் தட்டி, முடுக்கமானியில் அதிர்வைப் படிப்பது எளிய வழி. பிறகு சேதம் வந்தால் அதிர்வெண் இறங்கும்.
2. ஸ்ட்ரெயின் கேஜ்களை (பொருள் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் சின்ன உணரிகள்) ஒட்டுங்கள். அடியில் சுற்றிலும், உத்திரத்தின் மேலும் கீழும், பின்விளிம்பில். கம்பிகளுக்கு எண் போட்டு, எந்தக் கேஜ் எங்கே என்பதைப் படமெடுத்து வையுங்கள். ஒளியிழை உணரியை வார்க்கும்போதே உள்ளே புதைக்க முடிந்தால் பசைக்கோட்டுக்கு அது நல்ல காவல்.
3. சுமையை 40, 60, 80, 100 சதவீதம் என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் நிறுத்திப் பதிவு செய்யுங்கள். உச்சத்தில் குறைந்தது 10 நொடி நிறுத்துங்கள்.
4. இறக்கும்போதும் அதே படிகளில் பதியுங்கள். ஏறிய கோடும் இறங்கிய கோடும் ஒட்டாவிட்டால் எங்கோ ஏதோ நகர்ந்திருக்கிறது. பிடியா, போல்ட்டா, இறக்கையா என்று கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சுமை ஏறும்போது காதையும் தீட்டி வையுங்கள். முதல் ஏற்றத்தில் சில சின்ன 'டிக்' சத்தங்கள் வருவது இயல்பு. இரண்டாம் ஏற்றத்தில் அதே சுமைக்குள் மறுபடி வந்தால் அது நல்லதல்ல. ஒலி உணரிகள் இதை எந்த இடத்திலிருந்து வந்தது என்றே சொல்லிவிடும்.

எட்டாம் படி: முழு இறக்கை, களைப்பு

காற்றாலை இறக்கையைக் களைக்க வைப்பது ஊஞ்சல் ஆட்டுவதைப்போல. 60, 70 மீட்டர் இறக்கையின் இயற்கை அதிர்வெண் நொடிக்கு ஒன்றுக்கும் கீழே. அந்தத் தாளத்தில் சின்ன உந்துதல் கொடுத்தால் போதும், தானே ஆடும். ஓத இறக்கை குட்டை, விறைப்பு. அதன் தாளம் நொடிக்குப் பத்து, இருபது. அந்த வேகத்தில் பெரிய வளைவைக் கொடுத்தால் தடித்த அடி சூடேறி ரெசின் கெடும். எனவே நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான வேகத்தில், ஒவ்வொரு சுழற்சியையும் சிலிண்டர் தன் வலிமையால் தள்ளியாக வேண்டும். இதற்கு ஆகும் மின்சாரம் கொஞ்சமல்ல. வழக்கமான ஹைட்ராலிக்கில் அதில் பெரும்பங்கு எண்ணெயைச் சூடாக்குவதில் போய்விடும்.

இந்தச் சிக்கலுக்காகவே எடின்பரோ பல்கலைக்கழகமும் பாப்காக் நிறுவனமும் ஸ்காட்லாந்தின் ரோசித்தில் ஃபாஸ்ட்பிளேடு என்ற கூடத்தை அமைத்தன. 2022-இல் திறந்தது. வளைந்த இறக்கை திரும்பி நிமிரும்போது தரும் ஆற்றலை அதன் ஹைட்ராலிக் அமைப்பு மீட்டெடுத்து அடுத்த தள்ளலுக்குப் பயன்படுத்துகிறது. அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தின் பெரிய கட்டமைப்புச் சோதனைக்கூடத்திலும் ஓத இறக்கைகளை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எத்தனை சுழற்சி ஓட்டுவது? நொடிக்கு அரைச் சுழற்சி வீதம் 10 கோடியை ஓட்ட ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். யாராலும் முடியாது. எனவே சுமையைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைக்கிறோம். எவ்வளவு கூட்டுவது என்பதை எஸ்-என் கோட்டின் சரிவு சொல்லும். கண்ணாடி இழை-எப்பாக்ஸிக்குச் சரிவு எண் 10 என்று எடுப்பது வழக்கம், கார்பனுக்கு 14. சரிவு 10 என்றால் ஆயுள் சுமையின் பத்தாம் அடுக்குப்படி குறையும். எனவே 10 கோடியை 10 லட்சமாகக் குறைக்கச் சுமையை 1.585 மடங்காக்க வேண்டும். 10 லட்சம் சுழற்சி 23 நாளில் முடியும்.

இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். உங்கள் பொருளின் உண்மையான சரிவு 9 ஆக இருந்தால், அதே 1.585 மடங்குச் சுமையில் ஓட்டிய 10 லட்சம் சுழற்சி 6.3 கோடிக்குத்தான் சமம். 8 என்றால் 4 கோடிக்கு. இருபது ஆண்டைச் சோதித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். கையில் இருப்பது எட்டாண்டுச் சான்று. ஐந்தாம் படியில் ஈரத்தில் களைக்க வைத்த துண்டுகள் இங்கேதான் தங்கள் விலையைக் காட்டும். பசையின் சரிவு வேறு, இழைத்தட்டின் சரிவு வேறு, எஃகு போல்ட்டின் சரிவு வேறு. ஒரே கூட்டல் எல்லாவற்றையும் சமமாகத் துரிதப்படுத்தாது என்பதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

கூடத்தில் இறக்கை உலர்ந்திருக்கும். முழு இறக்கையை ஊற வைப்பது நடவாது என்று நாலாம் படியில் பார்த்தோம். எனவே நனைந்து பலவீனமாகும் இடங்களுக்கு ஈரத்தின் இழப்பைச் சுமையில் சேர்க்க வேண்டும். துண்டுகளில் ஈர வலிமை உலர் வலிமையில் 80 சதவீதம் என்று வந்திருந்தால், அந்த இடத்தின் சுமையை 1.25 மடங்காக்குவது ஒரு வழி. மற்ற இடங்கள் அதைத் தாங்குமா என்று முதலில் கணக்கில் பாருங்கள்.

ஓட்டத்தின்போது தினமும் பார்க்க வேண்டியது விறைப்பு: அதே விசைக்கு நுனி எவ்வளவு நகர்கிறது. நிதானமாகக் குறைந்துவரும் கோடு திடீரென்று முறிந்தால் இயந்திரம் தானே நிற்கும்படி எல்லை வையுங்கள், இரவு ஆளில்லா நேரத்துக்கு. ஒவ்வொரு லட்சம் சுழற்சிக்கும் நிறுத்தி மீயொலியால் வருடுங்கள். அதற்கு முன் ஒரு நாணயத்தை எடுத்துப் பசைக்கோடு நெடுக விரற்கடைக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் இடம் 'டிங்' என்று கூர்மையாகப் பேசும். பிரிந்த இடம் 'டொக்' என்று மந்தமாகும். அந்த எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தைத் தட்டும்போது கோடு நகர்ந்திருக்கிறதா என்று தெரியும். விலையுயர்ந்த கருவிகளின் நடுவே இது பழைய முறைதான். ஆனால் மீயொலியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பலமுறை எனக்குச் சொன்னது நாணயம்.

ஒன்பதாம் படி: மேற்பரப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இறக்கை இதனால் திடீரென்று முறிவதில்லை. மணல் கலந்த நீரால் முன்விளிம்பு தேயும். நுனியில் குமிழி உடைப்பால் குழி விழலாம், அதற்கு ஏஎஸ்டிஎம் ஜி32 அதிர்வுச் சோதனை இருக்கிறது. சிப்பியும் கொட்டலசும் ஒட்டி வளரும். அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது மேற்பூச்சு பெயர்கிறதா என்பதைப் பூச்சுப் பலகைகளைக் கடலில் தொங்கவிட்டுத்தான் அறிய முடியும். பூச்சு பெயர்ந்த இடம் நீர் குடிக்கும் இடம் என்ற அளவில் இது நாலாம் படியோடு சேர்கிறது.

பத்தாம் படி: உடையுங்கள், பிறகு அறுத்துப் பாருங்கள்

களைப்பு ஓட்டம் முடிந்ததும் ஏழாம் படியின் நிலையான சுமையை மறுபடி கொடுங்கள். அதைத் தாங்கினால் சான்றிதழுக்கு அது போதும். உங்களுக்குப் போதக் கூடாது. நிதி இருந்தால் உடையும்வரை ஏற்றுங்கள். கணக்கு சொன்ன சுமையில், கணக்கு சொன்ன இடத்தில் உடைந்ததா? வேறு இடத்தில் உடைந்திருந்தால், வலிமை போதுமானதாக இருந்தாலும், உங்கள் கணினி மாதிரியில் ஏதோ தவறு.

பிறகு இறக்கையை அரை மீட்டருக்கு ஒரு துண்டாக அறுங்கள். வெட்டுமுகத்தை மெருகேற்றி, பேனா மையைத் தடவி ஒரு நிமிடம் விட்டுத் துடையுங்கள். மை பிளவுகளுக்குள் இறங்கி நீலக் கோடாக நிற்கும். பசை தடிமன் வரைபடத்தில் 3 மில்லிமீட்டர் என்றிருக்கும். வெட்டுமுகத்தில் ஓரிடத்தில் 9, இன்னோரிடத்தில் நடுவே காற்றுக்குமிழி. அடுக்குகள் முடியும் படிக்கட்டில் இழை சுருண்டு மடிந்திருக்கும். செய்தவர்களைக் கூட்டிவந்து இந்த முகங்களைக் காட்டுங்கள். அறிக்கையின் நூறு பக்கத்தைவிட அந்த ஒரு நீலக்கோடு பட்டறைக்குள் வேகமாகப் போய்ச் சேரும்.

கடலில் உழைத்துத் திரும்பிய இறக்கை கிடைத்தால் எப்பாடுபட்டாவது அதையும் இதே வரிசையில் கொண்டுவாருங்கள். ஆர்க்னி தீவுகளின் கடலில் ஓடிய 500 கிலோவாட் டீப்ஜென் டர்பைனின் 5.25 மீட்டர் இறக்கை ஒன்று, ஓய்வு பெற்ற பிறகு ஃபாஸ்ட்பிளேடின் சட்டத்தில் ஏறியது. மேஜெனின் டர்பைன்கள் 2018 முதல் வணிக ஓட்டத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு முறை ஒரு சுழலி பராமரிப்புக்காகத் துறைமுகத்துக்கு வரும்போதும் எடைபோட்டு, தட்டிப் பார்த்து, அதிர்வெண்ணை அளந்து பழைய எண்ணோடு வைத்துப் பார்க்க முடியும். ஏழாம் படியில் முதலில் எடுத்த மூன்று அளவுகளைப் பத்திரமாக வைக்கச் சொன்னது அந்த நாளுக்காக.